மாடி அறையை ஒத்திக்கு விடுவோர் கவனத்திற்கு



கம்பம் பள்ளத்தாக்கில் இன்று வீட்டின் மேல் ஒரு மாடியோ, பக்கவாட்டில் ஓர் அறையோ எழுப்பிக் குடிவைக்க எண்ணாத குடும்பம் குறைவு. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரிக்கு வெளியூரிலிருந்து வரும் மாணவர், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியர், மாற்றலாகி வரும் ஆசிரியர், கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தொழிலாளர் என எல்லோருக்கும் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். நம்மிடம் அறை இருக்கிறது. மாதம் இவ்வளவு என்று பேசி விடுகிறோம். வீட்டை வாடகைக்கு விடுவது ஆகுமானது என்பதில் நான்கு மத்ஹபுகளுக்குமிடையே கருத்து வேறுபாடு இல்லை. கணவரை இழந்த எத்தனையோ தாய்மார்கள் ஒற்றை அறையின் வாடகையைக் கொண்டு எவரிடமும் கையேந்தாமல் வாழ்கின்றனர். இது கண்ணியமான வருமானம்.

ஆனால் நான் எழுத வந்தது வாடகையைப் பற்றியன்று. வாடகையின் பெயரை ஒட்டிக்கொண்டு நம் வீடுகளுக்குள் நுழைந்து, பெட்டி படுக்கையோடு நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒன்றைப் பற்றி. அதன் பெயர் ஒத்தி. சென்னைப் பக்கம் போக்கியம் என்றும், இப்போது நாகரிகமாக ‘லீசு’ என்றும் சொல்கிறார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவனின் அத்தா ஒருவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பொட்டிப்புரம் செல்லும் சாலையை ஒட்டிய வீடு. அம்பரப்பர் மலைக்குள் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்திற்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது நினைவிருக்கும். விஞ்ஞானிகள் வருவார்கள், பொறியாளர்கள் வருவார்கள், வெளிநாட்டாரும் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள் என்ற பேச்சு அந்தச் சகோதரரின் காதிலும் விழுந்தது. கடன் வாங்கி மாடியில் இரண்டு அறைகள் எழுப்பினார். தனிப் படிக்கட்டு, தனிக் குளியலறை எல்லாம் வைத்தார். பின்னர் நடந்ததைப் பள்ளத்தாக்கு அறியும். மக்களின் எதிர்ப்பு, உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு நடந்தது. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலை அப்படியே நிற்கிறது. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது என் கல்விக்கு அப்பாற்பட்டது, அதை விட்டுவிடுகிறேன். வராத விஞ்ஞானிக்காகக் கட்டிய அறைகள் என்னவாயின என்பதே என் கவலை.

நான்கு இலட்சம் ரூபாய்க்கு ஒத்தி வைத்தார். வாடகைக்கு விட்டிருந்தால் இரு அறைகளும் சேர்ந்து மாதம் நான்காயிரம் பெறும். ஒத்திப் பணத்தில் பாதி கட்டடக் கடனுக்குப் போயிற்று. மீதிப் பாதி மகளின் நிகாஹ் விருந்துக்குப் போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து ஒத்திக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கையில் ஒன்றுமில்லை. வேறொருவரைத் தேடி ஐந்து இலட்சத்திற்கு மறு ஒத்தி வைத்து, முதல்வருக்கு நான்கைக் கொடுத்தார். மிச்சம் ஒரு இலட்சமும் கரைந்தது. அவருடைய சொந்த மாடி. பகலில் ஏறிப் போர்வை உலர்த்தவும் அவருக்கு உரிமையில்லை. மாதம் ஒரு ரூபாய் வரவுமில்லை. முதல் ஒத்திக்காரரோ வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர், ஹஜ் செய்தவர். வங்கிக் கணக்கில் சேரும் சில நூறு ரூபாய் வட்டியைக்கூடத் தனியே எடுத்து வைத்துக் கழிவறை கட்டுமானத்திற்குக் கொடுத்துவிடும் பேணுதலுடையவர். அவர் அந்த மாடியில் மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்துவிட்டு, நான்கு இலட்சத்தையும் குறையாமல் எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 48,000 ரூபாய் பெறுமானமுள்ள குடியிருப்பு, நான்கு இலட்சம் ரூபாய் கடனுக்காகக் கிடைத்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு. மூன்று ஆண்டுகளில் 1,44,000. வங்கி வைப்புக்குக்கூட இவ்வளவு தருவதில்லை. காசாக வராமல் கூரையாக வந்ததால் அது வட்டியில்லை என்று ஆகிவிடுமா?

ஒத்தியில் கொடுக்கப்படும் பணம் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். அது விலையன்று, வீடு விற்கப்படவில்லை. வாடகையுமன்று, வாடகை திருப்பித் தரப்படுவதில்லை. அமானிதமுமன்று, அமானிதத்தைச் செலவழிக்க முடியாது. முழுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பொறுப்போடு செலவழிக்கக் கொடுக்கப்படும் பணத்திற்கு ஷரீஅத்தில் ஒரே பெயர்தான் உண்டு: கடன். அந்தக் கடனுக்கு வீடு ஈடு. ஈடு வைப்பதில் தவறில்லை. அல்குர்ஆன் (2:283) அதை அனுமதிக்கிறது, நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது அவர்களுடைய கவச உடை முப்பது ஸாஉ கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அது வாற்கோதுமை, நம்மில் பலர் கோதுமை என்றே சொல்லிவிடுகிறோம், நானும் சொல்லிவிட்டேன்). ஈடு என்பது கடனுக்குப் பாதுகாப்பு. அதைக் கடன் கொடுத்தவர் அனுபவித்துக் கொள்வதுதான் பிரச்சினை. கடன் ஒரு பயனை இழுத்து வந்தால் அப்பயன் வட்டியின் வகையே என்பது ஸஹாபாக்கள் காலத்திலிருந்து வரும் புரிதல்.

அபூபுர்தா அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. நீர் வட்டி பரவியுள்ள நாட்டில் இருக்கிறீர். உமக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை, வாற்கோதுமையை, கால்நடைத் தீவனத்தை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர், அது வட்டியாகும் என்பது அதன் கருத்து. கடன்பட்டவர் தரும் வைக்கோல் சுமைக்கே இந்த எச்சரிக்கை. நாம் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, மொட்டை மாடி, குடிநீர் இணைப்பு அனைத்தையும் வாங்கிக்கொண்டு, பஜ்ருக்கு எழுந்து அதே வீட்டில் முஸல்லா விரித்துத் தொழுகிறோம்.

இதைச் சொன்னவுடன் எழும் மறுப்புகள் எனக்கு மனப்பாடம்.

இரு தரப்பும் மனமொப்பித்தானே செய்கிறோம் என்பர். வட்டிக்கு வாங்குபவனும் மனமொப்பித்தான் வாங்குகிறான். தேவை கழுத்தை நெரிக்கும்போது எவன்தான் ஒப்பமாட்டான்? வட்டி இருவரின் சம்மதத்தால் ஹலாலாகிவிடும் என்றால் 2:275 முதல் 2:279 வரையுள்ள வசனங்களுக்கு வேலையே இல்லை.

ஈடாக வைக்கப்பட்ட பிராணியில் ஏறிச் செல்லலாம், பாலைக் குடிக்கலாம் என்று ஹதீஸ் உள்ளதே என்று கேட்பவர் கொஞ்சம் ஓதியவர். ஆம், புகாரியில் உள்ளது. ஆனால் அந்த ஹதீஸையே முழுவதும் வாசியுங்கள். ஏறுபவர் மீதும் பால் குடிப்பவர் மீதும்தான் அதன் செலவு என்ற நிபந்தனை அதில் இணைந்திருக்கிறது. பசுவுக்குத் தீனி போடாவிட்டால் செத்துவிடும். கறக்காவிட்டால் மடி கட்டிவிடும். தீனிக்குப் பால் ஈடாகிறது. உங்கள் மாடி அறை என்ன தின்கிறது? வீட்டு வரியைக்கூடப் பெரும்பாலும் சொந்தக்காரர்தானே கட்டுகிறார்! கூரை ஒழுகினால் ஒத்திக்காரர் யாரை அழைக்கிறார்?

மூன்றாவது மறுப்பு நம் ஹனஃபி மத்ஹபின் பெயரால் வருவது. இதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். ஈடு வைத்தவர் அனுமதித்தால் ஈடு பெற்றவர் பயன்படுத்தலாம் என்று நம் நூல்கள் சிலவற்றில் இருக்கிறது. புகாரா, சமர்கந்து பகுதிகளின் பிற்கால அறிஞர்கள் மக்களின் நெருக்கடியைக் கருதி ‘பைஉல் வஃபா’ என்னும் மீட்பு விற்பனையை ஏற்றதும் உண்மை. ஆனால் இவற்றை எடுத்துக் காட்டுவோர் அதே மத்ஹபின் ‘ஷாமி’யை, அதாவது இப்னு ஆபிதீன் அவர்களின் ரத்துல் முஹ்தாரை, அடுத்த பத்தி வரை வாசிப்பதில்லை. 1836இல் மறைந்த அப்பெரியார், அந்தப் பயன் கிடைக்கும் என்பதற்காகவே மக்கள் பணம் கொடுக்கிறார்கள், அது இல்லையென்றால் கொடுக்கமாட்டார்கள், ஆகவே வாயால் சொல்லாவிட்டாலும் அது நிபந்தனை இட்டதைப் போன்றதே என்ற கருத்தை எடுத்துரைத்து, அதனால் அது தடுக்கப்படும் என்ற பக்கத்தை நமக்குக் காட்டுகிறார். டமாஸ்கஸில் எழுதப்பட்டது தேனி மாவட்டத்திற்கு எவ்வளவு பொருந்துகிறது! வீட்டில் குடியிருக்கும் அனுமதி இல்லாமல் நான்கு இலட்சம் தருவீர்களா என்று எந்த ஒத்திக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்பே பத்வாவுக்குப் போதுமான ஆதாரம்.

நான்காவது மறுப்புக்கு முன்னால்தான் நான் தயங்கி நிற்கிறேன். ஒத்தி எடுப்பவரெல்லாம் பணக்காரர் அல்லர். மாதாமாதம் வாடகை கொடுத்து மாளாத ஏழைக் குடும்பம், மனைவியின் நகையை விற்று ஒன்றோ ஒன்றரையோ இலட்சம் சேர்த்து ஓர் ஒத்தி வீட்டில் ஒதுங்குகிறது. கையிலுள்ள ஒரே முதலும் கரையாமல், வாடகைத் தொல்லையும் இல்லாமல் சில ஆண்டுகள் மூச்சு விடுகிறது. இவர்களை நோக்கி வட்டி தின்கிறீர்கள் என்று மிம்பரில் நின்று முழங்க என்னால் இயலாது. ஏனெனில் நானும் அப்படித்தான் குடியேறினேன். மதரஸா உஸ்தாதின் சம்பளம் எவ்வளவு என்பதை வாசகர் அறிவர். என் மனைவியின் வளையல்களும் ஒரு சங்கிலியும் சேர்ந்துதான் எங்களுக்கு ஒத்தி வீடாயிற்று. நோக்கம் வேறு, சட்டம் வேறு. ஏழை எடுத்தாலும் ஒப்பந்தத்தின் உடல் ஒன்றே. ஏழைக்கு அதைச் சொல்லும்போது நம் குரலின் கடுமை குறைய வேண்டும். சொல்லாமல் விடுவது கருணையாகாது.

இதைவிடக் கனமான ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. என் கையெழுத்து சற்று நன்றாக இருக்கும். அதனால் மஹல்லாவில் ஒத்திப் பத்திரம் எழுத வேண்டுமென்றால் பத்திரத்தாளோடு என்னிடம் வருவார்கள். பிஸ்மில்லாஹ் எழுதி, இன்னாருடைய மாடி அறைகளை இன்னார் இத்தனை இலட்சத்திற்கு இத்தனை ஆண்டுகளுக்கு வாடகையின்றி அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! வட்டி உண்பவரையும், கொடுப்பவரையும், அதை எழுதுபவரையும், அதன் இரு சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள், அவர்கள் அனைவரும் சமமே என்றார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் முஸ்லிமின் ஹதீஸை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டே எழுதினேன். ஒரு நாள் பாடத்தில் அந்த ஹதீஸ் வந்தபோது, பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், ‘ஹஜ்ரத், எங்க அத்தாவுக்கு நீங்க எழுதிக் கொடுத்த பத்திரம் எதுல சேரும்?’ என்று கேட்டான். கேலியில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான். அன்று பாடத்தை அத்துடன் நிறுத்தினேன். அதற்குப் பிறகு நான் ஒத்திப் பத்திரம் எழுதுவதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்கிறேன். ரமளானில் வங்கி வட்டியைப் பற்றிப் பயான் வைக்கிறோம். ஆயுள் காப்பீடு கூடுமா, தவணையில் வாகனம் வாங்கலாமா என்றெல்லாம் கேள்வி பதில் நடத்துகிறோம். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவுடன் பள்ளி வாசற்படியிலேயே ஒத்தி வீடு பேசி முடிக்கப்படுகிறது. சாட்சிக் கையெழுத்து நம்முடையதாக இருக்கிறது. வங்கி தூரத்தில் இருப்பதால் அதைச் சபிப்பது எளிது. ஒத்தி நம் மாமன் வீட்டிலும் மச்சான் வீட்டிலும் இருப்பதால் நாக்கு எழவில்லை.

துன்யாவின் கண்ணோடு பார்த்தாலும் இதில் பாதுகாப்பு இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி இத்தகைய அனுபவ அடமானம், கடன் தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால்தான் செல்லும். நாம் எழுதிக்கொள்வதோ பதிவு செய்யாத பத்திரத்தாள். வீட்டுக்காரர் மௌத்தாகி, வாரிசுகள் நான்கு திசையில் இருந்து வந்து, அத்தா வாங்கிய பணம் எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் அந்த ஏழைக் குடும்பத்தின் வளையல்களின் கதி என்ன? 2:282 கடனை எழுதச் சொன்னது இப்படி அரைகுறையாக எழுதுவதற்கன்று. வாடகைக்கோ தெளிவான சட்டம் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களில் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் வரம்பிட்டது. பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கி, அதைக் காட்டி வாடகையைக் குறைக்கும் பழக்கமும் நம்மில் உண்டு. அது ஒத்தியின் தம்பி. முன்பணத்தைக் கூட்டினால் வாடகை குறையும் என்று பேரம் பேசப்படும்போதே கடன் ஒரு பயனை வாங்கித் தந்துவிட்டது.

அப்படியானால் மொத்தப் பணம் தேவைப்படும் குடும்பம் என்ன செய்யும்? வழி இருக்கிறது, நாம் கேட்பதில்லை. மூன்று ஆண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக் கொள்ளலாம். மாதம் நான்காயிரம் என்றால் 1,44,000. சற்றுக் குறைத்து 1,30,000 என்று முதலிலேயே மொத்த வாடகையாகப் பேசி முடித்தாலும் குற்றமில்லை. அது கடனன்று, வாடகை. காலம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டியதில்லை. மகளின் திருமணத்திற்குக் கையில் பணம் இருக்கும், தலைமீது கடன் இருக்காது. நான்கு இலட்சம் வராதே என்பீர்கள். வராதுதான். விருந்தை 1,30,000த்திற்குள் முடியுங்கள். ஒத்தி வழக்கம் ஊரில் வேரூன்றியதில் நம் திருமண விருந்துகளுக்கும் கைக்கூலிக்கும் உள்ள பங்கை மறைத்து என்ன பயன்? பெரிய தொகைதான் வேண்டுமென்றால் வீட்டில் ஒரு பங்கை உண்மையாகவே விற்றுவிட்டு, அந்தப் பங்கிற்கு வாடகை செலுத்தி, வசதி வரும்போது அன்றைய விலையில் திரும்ப வாங்கலாம்; இதற்கு அறிந்த ஆலிம் ஒருவரின் மேற்பார்வை தேவை. பள்ளிகளின் பைத்துல்மால் நிதியில் அழகிய கடன் கொடுக்க ஏற்பாடு செய்வது நிர்வாகிகளின் வேலை. மினாராவுக்கு மூன்றாம் முறை வண்ணம் அடிப்பதற்கு முன் இதைச் செய்யலாம்.

ஏற்கனவே ஒத்தியில் இருப்போர், அசல் உங்களுடையது, அநீதி இழைக்கவும் வேண்டாம், இழைக்கப்படவும் வேண்டாம் என்ற 2:279இன் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு உட்காருங்கள். அக்கம்பக்கத்தில் அதே போன்ற அறைக்கு என்ன வாடகை நடக்கிறதோ அதை நிர்ணயித்து, இன்று முதல் மாதந்தோறும் ஒத்திப் பணத்திலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக்காரர் கடனை அடைத்தவராகிறார். நீங்கள் வாடகை கொடுத்தவராகிறீர்கள். யாரும் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

வாடகைக்கு விடுவோருக்கும் ஒரு சொல். நல்ல காரியம் செய்கிறீர்கள். ஆனால் கணவனை இழந்த பெண் தனியே கேட்டால் இல்லை என்பதும், ஜார்க்கண்டிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த கட்டடத் தொழிலாளி கேட்டால் ஆறு பேரை ஓர் அறையில் அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதும் எந்தக் கிதாபில் உள்ளது? பர்தாவுக்காகத்தான் கண்டவரை வைப்பதில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன்; தனிப் படிக்கட்டும் ஒரு திரைச்சுவரும் அந்தக் கவலையைத் தீர்க்கும். வாடகைக்கு விட்ட பின் அது அவருடைய வீடு. சாவி நம்மிடம் இன்னொன்று இருக்கிறது என்பதற்காக அனுமதி கேட்காமல் திறந்து உள்ளே போவதை 24:27 தடுக்கிறது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை இலட்சத்திற்கு ஒத்தியில் இருந்த வீட்டில் நாங்கள் இருபத்தாறு மாதங்கள் வாடகையின்றி இருந்துவிட்டோம். அந்தத் தெருவில் அத்தகைய வீட்டிற்கு அன்று 2,500 ரூபாய் வாடகை. மொத்தம் 65,000. வீட்டுக்காரர் மாற்று மதச் சகோதரர், திராட்சைத் தோட்டக்காரர். என் பணத்தில் 65,000 கழித்துக்கொண்டு 85,000 மட்டும் எனக்குத் தரவேண்டியது என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு, ‘பாய், கணக்கு தப்பா இருக்கு, நீங்க எனக்குல்ல காசு தர்றீங்க?’ என்றார். விளக்கினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தன் மூத்த மகனை உடன் அழைத்து வந்து, தன் தம்பிக்கும் பக்கத்து ஊரில் ஓர் ஒத்தி வீடு இருக்கிறது, இந்தக் கணக்கை அவனுக்கும் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

அதே வீட்டில்தான் இப்போதும் இருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கிறேன். வளையல்களில் பாதி போயிற்று என்று என் மனைவி எப்போதாவது சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, இந்த மாத வாடகையை எடுத்து வைத்தாயிற்றா என்றும் அவளேதான் கேட்கிறாள்.